கேட்காமல் போட்ட டிக்

பிப்ரவரி 12, வியாழன். படிவத்தில் ஒரு கட்டத்தை, விண்ணப்பதாரரைக் கேட்காமல் நானே நிரப்பிவிட்டேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. சிறு தவறு.

நோட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, 'சிறு' என்பதை மட்டும் அடித்தாள்.

அவள் படிக்கும் மாலை வகுப்பு தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பகலில் அவள் ஓய்வூதிய அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டர். ஓய்வூதியப் பணம் எடுக்கும் கார்டு தொலைந்தால் அதை ரத்து செய்து, மாற்றுக் கார்டுக்கு விண்ணப்பம் வாங்குவது வேலை. எந்தப் படிவத்தையும் மூன்று தடவை சரிபார்ப்பாள். நான்காவது தடவை, மூன்று தடவை பார்த்தோமா என்று பார்ப்பாள்.

அவள் கவுண்டரின் நிரந்தர வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். ஐந்து மாதத்தில் மூன்று கார்டைத் தொலைத்தவர்.

முதல் கார்டு, பாலத்தில் நின்று தும்மியபோது கைக்குட்டையோடு ஆற்றுக்குள் போனதாம். இரண்டாவது, சட்டைப் பையோடு சலவைக்குப் போய் வெந்துவிட்டதாம். மூன்றாவதை நூலகப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தவர், அப்படியே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நேற்றுதான் வந்து சொன்னார். நீலக் கார்டு என்றார். இரண்டு வருடமாகக் கார்டு பச்சை நிறம். வயதானவர், போகட்டும் என்று அவள் திருத்தவில்லை.

"முப்பது வருஷம் சில்லறைப் பையத் தொலைக்காத மனுஷன், இப்ப கையத் தொலைக்காம வீடு போய்ச் சேந்தா சரி" என்று பக்கத்துக் கவுண்டர் அக்கா அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

கண்டக்டருக்கு அதில் கோபமே இல்லை. இரண்டாவது கார்டின் கதையை அக்காவுக்காக இன்னொரு தடவை, கொஞ்சம் நீட்டியே சொன்னார்.

ஆனால் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரே வருடத்தில் மூன்று கார்டு தொலைத்தவருக்கு, குடும்பத்தில் யாராவது எழுதிக் கொடுத்தால் போதும். கணக்கு அவர்கள் பொறுப்புக்குப் போய்விடும். அப்புறம் சொந்த ஓய்வூதியத்துக்கு அவர் வீட்டில்தான் கை நீட்ட வேண்டும். அதை நேற்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதும், கதை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அதைப் பாதியில் விட்டுவிட்டார். புதுக் கார்டு எந்தத் தேதி அனுப்புவீர்கள், தபால்காரர் அந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு முறையும் கேட்பதுதான்.

ஒன்றும் கவலைப்படாதீர்கள், வெள்ளிக்கிழமைத் தபால் பையில் போகிறது, வீடு தேடி வந்துவிடும் என்று அவள் தேற்றினாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்று மதியம் கவுண்டர் முன்னால் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். பர்ஸிலிருந்து இரண்டு பச்சைக் கார்டுகளை எடுத்து, சீட்டாட்டத்தில் இறக்குவதுபோல் மேசையில் வைத்தார்.

இது என்ன கார்டு, ஒன்று இரண்டு மாதத்தில் உயிரை விட்டது, அடுத்தது நேற்றோடு செத்தது, இப்படியா கார்டு அனுப்புவீர்கள் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

அவள் எண்களைத் திரையில் தட்டினாள். இரண்டும் கண்டக்டருடையவை.

ஒன்று சலவையில் வெந்தது. மற்றது நூலகப் புத்தகத்தோடு போனது. இரண்டிலும் ஒரு கீறல் இல்லை.

"இது உங்களுக்கு எப்படி சார் கிடைச்சுது?"

"எங்க அப்பாவோடதுதானம்மா. தபால்ல வந்த அன்னைக்கே வாங்கிப் பத்திரமா வெச்சிடுவேன். அவர் கண்ணுல கூடக் காட்டினதில்ல. அவருக்கு என்ன செலவு, வேணுங்கறத நான்தான் வாங்கித் தர்றேனே."

சொல்லும்போது அந்த முகத்தில் பெருமை இருந்தது.

திரையில் 'தொலைந்த முறை: 3' என்று சிவப்பில் ஒளிர்ந்தது. வழக்கமாக, வந்தவர் பார்க்கட்டும் என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். ஒரு திருப்பு. கார்டு ஏன் செத்தது என்று மகனுக்குத் தெரிந்துவிடும். அடுத்து எந்தப் படிவம் கேட்பார் என்றும் அவளுக்குத் தெரியும்.

கை திரையின் ஓரம் வரை போனது.

பிறகு அந்தக் கையாலேயே இரண்டு கார்டுகளையும் இழுத்து இழுப்பறைக்குள் போட்டாள். செத்த கார்டு அலுவலகத்துக்குச் சேர வேண்டும் என்றாள். அது விதிதான். காரணம் கேட்க வேண்டுமென்றால் கார்டுக்கு உரியவர்தான் நேரில் வர வேண்டும் என்றாள். அதுவும் விதிதான்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பேயைப் பார்த்ததுபோல் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அக்கா கேட்டாள். அவள் கண்டக்டரின் மூன்று படிவங்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள்.

கடைசி வரியில் இரண்டு கட்டங்கள். 'நேரில் பெற்றுக்கொள்கிறேன்.' 'வீட்டு முகவரிக்கு அனுப்பவும்.'

மூன்றிலும் இரண்டாவது கட்டத்தில் டிக் இருந்தது. அழகான டிக். பாவம், படியேறி மூச்சு வாங்க வருகிறாரே, எதற்கு இன்னொரு தடவை அலைய வேண்டும் என்று அவளே போட்டது.

வகுப்பு மணி அடித்தது. நோட்டை மூடாமல் இன்னும் நான்கு வரி எழுதினாள்.

நாளை: காலை தபால் பை கட்டுவதற்குள் கண்டக்டர் ஐயாவின் உறையை வெளியே எடுக்க வேண்டும். அவர் வீட்டுக்கு போன் செய்யக் கூடாது. ஐந்தரைக்கு பஸ் டிப்போவில் இறங்கி, பழைய கண்டக்டர்கள் எங்கே உட்காருவார்கள் என்று விசாரித்து அவரைப் பார்க்க வேண்டும். வகுப்புக்கு வர மாட்டேன்.