முடிக்காத புகார்

"நீங்க வித்தது விளையாட்டுப் பொட்டியா, வெறும் பொட்டியா?"

பெரியவரின் அதட்டல் ஹெட்போனையும் மீறி வெளியே கேட்டது. பக்கத்து சீட்டுக்காரி தன் அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டாரா உன் ஆளு?" என்றாள்.

பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க சார்" என்றாள்.

"இருபத்திரண்டு நாளா சொன்னதுதான். பழைய மாடல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கிற படம், பாட்டு எல்லாம் அப்படியே டிவியில வருமாமே? புதுசுல ஏன் இல்ல? புதுசுன்னா கூட ஒண்ணு இருக்கணும். இருக்கிறதைப் பிடுங்கிக்கிறதா?"

டிவியில் மாட்டி விளையாடும் பொட்டிகளை விற்கும் கம்பெனியின் அந்த வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஒரு முறை உண்டு. ஒரு புகாரை முதலில் யார் எடுக்கிறாரோ, அவரேதான் தினமும் அழைத்துப் பேச வேண்டும். வாடிக்கையாளர் தம் வாயால் 'முடிச்சுக்கலாம்' என்று சொன்னால்தான் புகார் முடியும். முடிந்த பிறகு அந்த எண்ணைத் தொடக்கூடாது. பேசுவதெல்லாம் பதிவாகும், எழுதிக் கொடுத்ததற்கு மேல் பேசினால் சீட்டு கிழிந்துவிடும்.

"நாங்கள்லாம் எடுத்தப்ப ஒரு கனைப்பு கனைச்சிட்டு வச்சிட்டார். நீ எடுத்ததும் ஒட்டிக்கிட்டார். பூர்வ ஜென்ம பந்தம்டி!" என்று பக்கத்து சீட்டுக்காரி முதல் வாரமே கேலி செய்திருந்தாள். நாலு மணிக்கு அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார் பெரியவர். நாள் முழுவதும் சண்டைக்கென்றே காத்திருந்தவர் போல.

சுவரில் இருந்த பெரிய திரையில் எல்லோருடைய வரிசையும் பச்சை. அவளுடையதில் மட்டும் ஒரு சிவப்பு. இன்று ஐந்து மணிக்குள் அதுவும் பச்சையாகாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது; வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று, ஒரு துண்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார். அவள் படித்தாள்.

"சார், நீங்க கேட்ட வசதி இன்னைக்குக் காலையில நெட் வழியா வந்துடுச்சு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார்?"

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"நீங்கதானே சார் கேட்டீங்க."

"கேட்டா உடனே குடுத்துடறதா? ஒரு கம்பெனின்னா ஒரு கெத்து வேணாமா?"

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொட்டியை ஆன் பண்ணிப் பாருங்க சார்."

"பண்ணிட்டேன்."

"ஆன் ஆனா ஒரு மணிச் சத்தம் வரும். எனக்குக் கேக்கலையே."

"எனக்குக் கேட்டுது. நான்தானே இங்க இருக்கேன்?"

"படம் வருதா சார்?"

"வருது. ஆனா சரியில்ல. ஆடறவங்க கால் தரையிலயே படல."

"விட்டா, டிவியில ஓடறவனுக்கு மூச்சு வாங்குதுன்னு நாளைக்கு இன்னொரு புகார் குடுப்பார்" என்று சூப்பர்வைசர் அவள் காதருகே சீறினார். "பேச்சை வளர்க்காதம்மா. முடி!"

மணி நாலு ஐம்பது. அவள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"புகாரை முடிச்சுக்கலாமா சார்?"

"முடியாது."

"இன்னைக்கு முடிக்கலைன்னா என் வேலை போயிடும் சார்."

பெரியவரின் குரலில் அதட்டல் போயிருந்தது.

"முடிச்சா, நாளைக்கு நாலு மணிக்கு ஃபோன் வராது. அப்படித்தானே?"

"வராது சார்."

"நானா கூப்பிட்டா?"

"வேற யாராவது எடுப்பாங்க."

"நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா சொன்னதுதான். ஊர் கூடி வந்து நின்னாலும் மாத்திப் பேசினதில்ல."

"தெரியும் சார்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "சொல்லுங்களேன்... இப்பவாவது சொல்லுங்களேன்" என்று கெஞ்சியது. "நீ சும்மா இரு" என்று அந்தப் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டார் பெரியவர். அதில் பலம் இல்லை.

நாலு ஐம்பத்தெட்டு. சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார்.

"சரி" என்றார் பெரியவர். "என் புகாரை முடிச்சுக்கங்க. வேலையைக் காப்பாத்திக்கங்க."

திரையில் சிவப்பு பச்சையானது. வரிசை முழுவதும் கை தட்டியது. "அப்பாடா, தப்பிச்சே!" என்று பக்கத்து சீட்டுக்காரி அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. வைப்பதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"வேற... வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

ஒரு கனைப்புக் கேட்டது.

"வேணும். இதையெல்லாம் மாட்டத் தெரிஞ்சவங்க எங்க வீட்டுல யாரும் இல்ல. ஆள் வரணும்."

"வீட்டுக்கு ஆள் அனுப்பற வழக்கம் எங்க கம்பெனியில இல்ல சார்."

"கம்பெனி ஆளை யார் கேட்டா? ஞாயித்துக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் வாங்க."