அறுக்க வேண்டிய இடம்

பிளாஸ்டரில் செய்த மலைத்தொடர் கூடத்தின் நீளத்துக்குக் கிடந்தது. கூடத்துக்குள்ளேயே செய்தது, எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகாது. கட்டடத்தை இன்றே காலி செய்தாக வேண்டும். வாசலில் லாரி நின்றது.

"ரெண்டா அறுத்துட்டா போயிரும். எங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் தச்சர் இருதயம்.

புவியியல் துறையினர் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டது, இந்த மலைத்தொடர் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதற்காகத்தான். ஆறு மலையைப் பிளந்து வெளியேறும் இடத்தில் என்றார் நல்லசிவம். பாறையின் வகை மாறும் இடத்தில் என்றார் துரைக்கண்ணு. கடைசியில் இருவரும் வடிவாம்பாளைப் பார்த்தார்கள். பாடப்புத்தகங்கள் வடமலை, தென்மலை என்று பிரிப்பது அவர் வகுத்த கோட்டின்படிதான்.

"மேடம் கோட்டுலயே வைங்க," என்றார் நல்லசிவம், மனசில்லாமல்.

இருதயம் அந்தக் கோடு போகும் கணவாயில் ரம்பத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளைத் தூள் வடக்குச் சரிவிலும் தெற்குச் சரிவிலும் ஒரேபோல இறங்கியது. வடிவாம்பாள் குனிந்து ரம்பத்தின் பல்லுக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"எடுங்க."

"நீங்க போட்ட கோடுதானேம்மா?"

"பேப்பர்ல போட்டேன்."

"அப்ப எங்கதான் அறுக்குறது? லாரிக்காரன் கிளம்பிருவான்."

வடிவாம்பாள் நீலச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, மலையின் தென்கோடியைத் தாண்டி, தெருப் பக்கச் சுவர் வரை நடந்தார். தரையிலிருந்து கை எட்டும் உயரத்துக்கு ஒரு கோடு போட்டார். மலையின் அகலத்துக்குத் தள்ளி இன்னொன்று.

"இங்க," என்றார். "கடப்பாறை இருக்கா?"