பூண்டு பிடுங்கிய கை

“மூக்கர் வீட்டுலயே திருட்டா! பூண்டு புடுங்குன கை எத்தனை தரம் கழுவினாலும் நாறுமே. ஒவ்வொருத்தர் கையா மோந்து பாருங்க, ஆள் மாட்டிக்கப் போறான்!” என்று மதிலுக்கு அப்பாலிருந்து யோசனை சொன்னார் அடுத்த வீட்டுத் தையற்காரர்.

காப்பிக்கொட்டை வறுக்கும் ஆலையில், கொட்டை பதமாயிற்றா, கருகிற்றா என்பதை மணத்தாலேயே அறிந்து சொல்லும் வேலை அந்த வீட்டுக்காரருக்கு. அதனால் வாய்த்த பெயர்தான் மூக்கர். குடும்பம் உண்பதும் உடுப்பதும் அந்த மூக்கின் தயவால்தான்.

கொல்லைப்புறப் பாத்தியில், பல்லின் முனை மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாய் ஊன்றி, வைக்கோல் பரப்பி அவர் வளர்த்த பூண்டு அது. அடியிலை மஞ்சளித்து முற்றும் முன்பே ஒரு வரிசையை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

“போனாப் போகுது, விடுங்க” என்றாள் மனைவி, பாத்தியின் கோடியில் நின்றபடி.

“எப்படி விடறது? திருடுன கை இந்த வீட்டுச் சோத்துல படக்கூடாது. யாரா இருந்தாலும் இன்னைக்கே மூட்டை கட்டணும்!”

யாராயிருந்தாலும் என்றாரே தவிர, பார்வை மைத்துனன்மேல்தான் இருந்தது. வேலை பார்த்த கடையை மூடிவிட்டதால் அவன் அக்காள் வீட்டில் தங்கியிருந்தான். வேறு போக்கிடம் இல்லை.

“ஐயோ, பால் தீயுதே!” என்று திடீரென அலறிக்கொண்டு மனைவி உள்ளே ஓடினாள். அடுக்களைச் சன்னலை ஒட்டி நின்றிருந்த மூக்கர், அவள் ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்ததும் சோதனை தொடங்கிற்று. முதலில் அவள்தான் கையை நீட்டினாள். அடி வாங்கப் போகிறவளைப்போலக் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

மூக்கர் அந்தக் கையை முகத்தருகே கொண்டுபோய், மூச்சை நன்றாக இழுத்தார். “சுத்தமான கை. தள்ளி நில்லு.”

அவள் கண்களைத் திறந்து, கணவரின் முகத்தையே பார்த்தாள்.

அடுத்து மைத்துனன், தூரத்தில் மிதிவண்டியின் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தவன், எழுந்து வந்து கறை படிந்த கையை நீட்டினான். மூக்கர் கிட்டே குனிந்தவுடனே நிமிர்ந்தார்.

“இதோ, குடலைப் புரட்டுது! பூண்டு நாத்தம்!”

“அத்தான், இது கிரீஸ்...”

“உன் மூக்கு பெருசா, என் மூக்கு பெருசா? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா!”

“அடடா, உட்கார வச்சுச் சோறு போட்டதுக்கா இது!” என்று தையற்காரர் ஒத்து ஊதினார்.

மைத்துனன் தன் கையைத் தானே முகர்ந்து பார்த்தான். பிறகு அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாதவனாய் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். காதுமடல்கள் சிவந்துபோயின. உள்ளே சென்று, பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தான்.

“வரேங்க்கா” என்றான், தமக்கையின் முகத்தைப் பாராமலே.

“நில்லுடா” என்றாள் அவள். கணவரிடம் சென்று, மறுபடியும் வலக்கையை அவர் மூக்கின் கீழே நீட்டினாள். “இன்னொரு தரம் மோந்து பாருங்க.”

“அதான் சொன்னேனே, சுத்தம்னு!”

அருகில் நின்ற தம்பி திடுக்கிட்டு அக்காளைப் பார்த்தான். அந்த நெடி அவன் நின்ற இடம்வரை வீசிற்று.

“தண்ணி அதிகமா விட்டுட்டேன். அழுகிடுமோன்னு பயந்து நான்தாங்க புடுங்கினேன். உரிச்சு நசுக்கிட்டு அப்படியே வந்து உங்ககிட்ட கையை நீட்டினேன்.”

மூக்கருக்கு நெற்றி வியர்த்தது. மைத்துனனைப் பார்க்கவும் கூசி, தலை தானாகத் தாழ்ந்தது.

மதிலுக்கு அப்பால் கேட்டுவிடாதபடி, அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“எவ்வளவு நாளாங்க உங்களுக்கு வாசனையே தெரியல?”