பத்தொன்பது தடவை

"இந்த மனுஷனுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கிறதே பொழப்பாப் போச்சும்மா!"

தலைவர் சிரித்துக்கொண்டே அந்தத் தாளை டாக்டரம்மா பக்கம் தள்ளினார்.

ஆராய்ச்சி நிலையத்தின் தேர்வுக் குழுவில் அவர்கள் இரண்டே பேர். மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் ஒருவருக்கு இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

தாளில் நூலகம் எடுத்துக் கொடுத்த எண்ணிக்கை இருந்தது. அவர் வெளியிட்ட ஆராய்ச்சிப் பேப்பர்கள் இருபது. அதில் முதல் பேப்பரை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பேப்பர்களில் எடுத்துக்காட்டியது முந்நூற்றுப் பத்து தடவை. பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு எழுதிய பத்தொன்பது பேப்பரிலும் அவரே அதை எடுத்துக்காட்டியிருந்தார். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

"காய்ச்சலைப் பத்தி எழுதினாலும் அது, கல்லீரலைப் பத்தி எழுதினாலும் அது. லேப்ல இவருக்குப் பேரே 'ரிப்பீட்டு'தான், தெரியுமா?"

"அந்த முதல் பேப்பர் எதைப் பத்தி சார்?"

"வலிப்பு வர்ற குழந்தைங்களுக்கு, எடைக்குத் தகுந்த மாதிரி எவ்வளவு மருந்து கொடுக்கணும்னு ஒரு பட்டியல். நல்ல பட்டியல், இல்லேங்கலை. நம்ம ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டுக்கு நான் எழுதின கையேட்டுலயே அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். அதுக்காகக் காலம் பூரா அதையே தம்பட்டம் அடிச்சுக்கிட்டுத் திரியறதா?"

ஆளைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எல்லா பேப்பர்லயும் உங்க முதல் பேப்பரையே இழுக்கறீங்களே, ஏன்?" என்றார் தலைவர்.

"இழுக்காம இருக்க முடியலை சார். அதுல ஒரு கணக்கு..."

"கணக்கெல்லாம் எங்ககிட்டயே இருக்கு. முந்நூத்திப் பத்து. பார்த்தாச்சு. சரி, ஒப்பந்தத்தை நீட்டிச்சா என்ன பண்ணுவீங்க?"

"நாலு வருஷம் கிடைச்சா இன்னும் ஏழெட்டு பேப்பராவது போடுவேன் சார்."

"அதுலயும் இதே பாட்டுதானா?"

வேலை போகப் போகிறது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமா சார். போடாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

"போயிட்டு வாங்க" என்றார் தலைவர்.

கதவு சாத்தியதும் தலைவர் மேஜையைத் தட்டினார். "திமிரைப் பார்த்தீங்களா? நம்ம மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுப் போறார்!"

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "நல்லா வேலை செய்யறவர்னுதான் எல்லாரும் சொல்றாங்க சார்."

"வேலை செஞ்சா போதுமா? அடக்கம் வேண்டாமா? படிவத்தை எடுங்க. 'நீட்டிக்க வேண்டாம்'னு போடுங்க. காரணம், சுயவிளம்பரம்."

டாக்டரம்மா எழுதினார். காரணத்துக்குக் கீழே 'ஆதாரம்' என்று இரண்டு வரி காலியாக இருந்தது. அந்த இடத்தை நிரப்பாத படிவத்தை அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும்.

"ஏதாவது ஒரு பேப்பரை எடுத்து, தன்னைப் பத்தி அவரே பீத்திக்கிற வரியைப் பார்த்து எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஜை மேல் கட்டு பிரிக்காமல் கிடந்தன இருபது பேப்பர்களும். படிப்பதற்காக மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பியவைதான். டாக்டரம்மா இரண்டாவது பேப்பரை எடுத்து, முதல் பேப்பரைச் சொல்லும் இடத்தைத் தேடினார். படித்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். அப்புறம் மளமளவென்று கடைசி வரைக்கும் புரட்டினார்.

"என்னம்மா, எந்தத் தம்பட்டத்தை எழுதறதுன்னு முடிவு பண்ண முடியலையா?"

"எல்லாத்துலயும் ஒரே வரிதான் சார். வார்த்தைகூட மாறலை."

"நான்தான் சொன்னேனே! சத்தமாப் படிங்க, நானும் கேக்கறேன்."

டாக்டரம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'என் முதல் கட்டுரையில் உள்ள மருந்தளவுப் பட்டியல் தவறு. கணக்கில் பிழை செய்தவன் நான். அதை வெளியிட்ட இதழ் நின்றுபோனதால் திருத்தம் போட எனக்கு வேறு இடமில்லை, இங்கே சொல்கிறேன். தயவுசெய்து அந்த அளவில் எந்தக் குழந்தைக்கும் மருந்து கொடுக்காதீர்கள்.'"