வால் மாட்டிய எலி

இந்த வருஷத்தின் சிறந்த ராக் ஆல்பம் எது என்று முடிவு செய்ய, இசைத்தட்டு சேர்க்கும் ரெக்கார்டுக்காரர் வீட்டுக்கு அவர் மச்சினனும் ஒரு பல் டாக்டரும் வந்திருந்தார்கள். போனில் பாட்டுக் கேட்பதே பாவம் என்பவர் ரெக்கார்டுக்காரர். டாக்டரோ போனில்தான் ஒரு பாட்டைப் போட்டார்.

ரெக்கார்டுக்காரர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"சீ, நிறுத்துங்க! கதவிடுக்குல வால் மாட்டுன எலி மாதிரி கீச்சு கீச்சுன்னு ஒருத்தி. இதெல்லாம் பாட்டா?"

"ஊரே இதைத்தான் கொண்டாடுது மாமா," என்றான் மச்சினன்.

"ஊருக்குக் காது அவிஞ்சு போச்சு. இப்பக் கேளு, குரல்னா என்னன்னு."

ஒரு கறுப்பு அட்டையிலிருந்து ரெக்கார்டை உருவி, ஊசியை வைத்தார். பாறையை உருட்டுவது போல ஓர் ஆண்குரல் மெல்ல எழுந்தது.

"அட்டையில பாடுன ஆளு பேருகூடப் போடல பாரு, அந்தத் திமிருக்கே வாங்குனேன். என்ன கனம், என்ன நிதானம்! வருஷம் பூரா இந்த ஆளைத்தான் கேக்குறேன்."

டாக்டர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"சார், இது வேகமாச் சுத்த வேண்டிய ரெக்கார்டு. நீங்க வருஷம் பூரா மெதுவா ஓட்டியிருக்கீங்க."

வேகத்தைக் கூட்டும் பட்டனைத் தட்டினார்.

ஆளைக் காணோம். ஸ்பீக்கர் பூரா அதே எலி கீச்சிட்டது.