மூன்றாவது கிளாஸ்

தோட்டத்தில் வசந்த விருந்து தொடங்குமுன், காக்டெயில் கலக்க வந்தவரைத் தனியே கூப்பிட்டாள் வீட்டுக்காரி.

"பீச், இஞ்சித் தேன், புதினா, மூணையும் போர்பன் விஸ்கியிலயே கலக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் போர்பனுக்குப் பதிலா டீ டிகாஷன். டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார். ஆனா எங்கண்ணன் முன்னாடி அவர் மானம் போகக் கூடாது."

"நிறம் ஒண்ணுதான் மேடம். கவலைய விடுங்க."

அண்ணனும் அவள் கணவரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷமாகிறது. இந்த விருந்தே அதற்காகத்தான்.

மூன்றாவது கிளாஸ் காலியானதும் அண்ணன் தள்ளாடியபடி எழுந்தான்.

"மாப்பிள்ளே, தப்பு என்மேலதான். நாலு பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்று கட்டிக்கொண்டு அழுதான். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் கிளம்பியபின் அவள் பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் போர்பன் பண்ற வேலை. விடிஞ்சா சுத்தமா மறந்துடுவான்."

கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"மறக்க மாட்டார் மேடம். நீங்க சொல்லிட்டுப் போனதும் உங்கண்ணனும் வந்து டிகாஷன்தான் கேட்டார். 'நான் குடிச்சிருக்கேன்னு எல்லாரும் நினைச்சாதான் எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரும்'னார்."