டேப்புக்குப் பின்னால்

இசைக்கருவிக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கடைக்காரர் மைதீன். கேபிள் வாங்க வந்த இன்னொரு குழுவின் கீபோர்டுக்காரன் தேவசகாயம். மடிக்கணினியோடு மகள் ஹெப்சி. பிறகு அவர், ஹெப்சியின் அப்பா, மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவர்.

அவர் உட்காரவில்லை. மைதீன் நாற்காலியை இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மேசைமேல் அவருடைய பழைய கீபோர்டு. அதன் சின்னத் திரையின்மேல் கறுப்பு டேப்.

பாளையங்கோட்டை மெல்லிசை மேடைகளில் திரையை மறைப்பது புதிதல்ல. எந்தப் பாட்டுக்கு எத்தனையாம் எண் டோன், கீபோர்டில் பதிந்த எந்த ஒலி என்பதைப் பக்கத்துக் குழுக்காரன் எட்டிப் பார்த்துவிடக் கூடாது. மற்றவர்கள் துண்டு போடுவார்கள். கச்சேரி முடிந்ததும் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

அவர் டேப் ஒட்டினார். எடுக்கவேயில்லை.

பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி, ஒற்றைக் காதில் ஹெட்போனை வைத்து, பொத்தானைத் தட்டிக்கொண்டே போவார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு.

போன சனிக்கிழமை, ஒரு கல்யாண வரவேற்பில், தேவசகாயம் மைக்கிலேயே சொல்லிவிட்டான்.

“அண்ணாச்சி டேப்பை எடுத்துட்டா, நாம எல்லாருமே அண்ணாச்சிதான்!”

மண்டபம் சிரித்தது. ஹெப்சியின் மாமனார் முன்வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தார்.

அதனால்தான் மடிக்கணினியில் ஒலி செய்யும் இந்தச் சாஃப்ட்வேர். யாரோ செய்து எண் போட்டு வைத்த டோன் இனி வேண்டாம். ஒலியைத் தானே செய்யப் பழக வேண்டும். மைதீனிடம் இருந்த மூன்றில் எது சுலபம் என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

மைதீன் முதலாவதைத் திறந்தார்.

“நாலாயிரம் டோன் இருக்கு அண்ணாச்சி. தட்டுனாப் போதும், வந்துரும்.”

“அப்ப நான் எதுக்கு?”

இரண்டாவது, பக்கத்துக்குள் பக்கமாகத் திறந்துகொண்டே போனது. ஒரு குமிழைத் தேடி உள்ளே போன ஹெப்சிக்குத் திரும்பி வரும் வழி தெரியவில்லை.

“இதுல என்ன வேணும்னாலும் செய்யலாம்ப்பா.”

“எங்க இருக்குன்னு தெரிஞ்சால்லா செய்யதுக்கு? மூடு.”

மூன்றாவதற்கு ஒரே பக்கம். இடது ஓரத்தில் ஒலி பிறக்கிறது. நடுவில் வடிகட்டப்படுகிறது. வலது ஓரத்தில் வெளியே போகிறது. எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அவர் முதல்முறையாகக் குனிந்தார்.

“எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா. மறைவா ஒண்ணுமே கிடையாது.”

“டோன்?”

“காலி. நீங்கதான் செய்யணும்.”

மடிக்கணினியோடு இணைத்திருந்த கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். மரமில்லில் ரம்பம் இறங்குவதுபோல் ஒரு சத்தம். தேவசகாயம் கேபிளைச் சுருட்டியபடி சிரித்தான்.

அவர் மடிக்கணினியை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். நன்றாகப் பார்க்கட்டும்.

வடிகட்டியைக் குறைத்தார். ரம்பத்தின் பல் மழுங்கியது. மூச்சுக்காற்றுக்காகக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது புல்லாங்குழல் டோன். அதைத்தான் தேடினார். இரைச்சல் கூடிவிட்டது. குறைத்தார், உயிரே போய்விட்டது. மறுபடி கூட்டினார்.

“அண்ணாச்சி, இது புல்லாங்குழலா, குக்கரா?”

மைதீன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் மைதீனின் தோள் குலுங்கியது. ஹெப்சி சிரிக்கவில்லை.

அவர் அதே கட்டையை இன்னொரு முறை அழுத்தி, சத்தம் அடங்கும்வரை கேட்டார்.

“குக்கர்தான். ஆனா எங்க வீட்டுக் குக்கர்டே. ஒன் வீட்டுல ஒண்ணு இருக்கா?”

தேவசகாயத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. பார்வை டேப்புக்குப் போனது.

“அப்ப இனி இது எதுக்கு அண்ணாச்சி?”

ஹெப்சி அப்பாவைப் பார்த்தாள். வீட்டில் தூசி துடைப்பவர்கள்கூட அந்த டேப்பைத் தொட்டதில்லை.

“எடும்மா.”

“அப்பா, வேண்டாம்...”

“எடுங்கேன்.”

அவள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பசை காய்ந்து கண்ணாடியோடு கண்ணாடியாகியிருந்தது. துண்டு துண்டாக வந்தது. கீபோர்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

தேவசகாயம் குனிந்தான்.

குனிந்தவன் சீக்கிரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் வாசலைப் பார்த்து நடந்தான். வாங்கிய கேபிளை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான்.

அவர் முதுகை நிமிர்த்தினார்.

“மூணாவதே இருக்கட்டும் மைதீன்.”

அன்றைக்குத் தேவசகாயம் அந்தத் திரையில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டான், அதனால்தான் இப்போது அவன் புல்லாங்குழலும் அப்படியே ஒலிக்கிறது என்று மேடைக்காரர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது.

தவறு. அங்கே படிக்க ஒன்றும் இல்லை. அந்தத் திரை, ஹெப்சி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே செத்துப்போனது. அதன்பின் அவர் டோனைத் தேடியதெல்லாம் காதால்தான்.